குடியேற்றச் சட்டம்: எங்கே தொடங்குவது, யார் தீர்மானிக்கிறார்கள்?

"சட்டப் படிப்பை முடித்துவிட்டேன், குடியேற்றச் சட்டத்தில் இறங்க ஆசை. எந்த நூலில் தொடங்கலாம்? நாடுகள் இந்த விதிகளை ஏன் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: ஒருவரை உள்ளே விடலாமா, வெளியே அனுப்பலாமா என்பதை உண்மையில் முடிவு செய்வது யார்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் சட்டமும் புரியும், அதன் பின்னால் இருக்கும் அரசியலும் புரியும். இரண்டையும் தனித்தனியாகப் படித்தவர்கள்தான் பாதி வழியில் திணறுகிறார்கள்.

முதலில் ஒரு ஏமாற்றம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எடுத்து முதல் பிரிவிலிருந்து படிக்க ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். குடியேற்றச் சட்டம் பெயருக்குத்தான் தனித்துறை, எலும்புக்கூடு முழுக்க நிர்வாகச் சட்டம். ஓர் அதிகாரிக்கு விருப்புரிமை (தன் மதிப்பீட்டின்படி முடிவெடுக்கும் அதிகாரம்) எங்கிருந்து வந்தது, அதை அவர் எப்படிப் பயன்படுத்த வேண்டும், தவறினால் எந்த நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடும் என்பது தெரியாமல் விசா வகைகளை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. அதனால் நிர்வாகச் சட்டத்தில் மூன்று விஷயங்களை மட்டும் மறுபடி தூசு தட்டுங்கள்: ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் (விதி எழுதும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசிடம் ஒப்படைப்பது), இயற்கை நீதி (பாதிக்கப்படுபவரின் பேச்சைக் கேட்டு, பாரபட்சமின்றி முடிவெடுப்பது), நீதிப் புனராய்வின் (அரசின் முடிவை நீதிமன்றம் சரிபார்ப்பதன்) அளவுகோல்கள். அடுத்து, ஒரே ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நாட்டு விதிகளை ஒப்பிட்டு ஆரம்பிப்பது சுவாரஸ்யமாக இருக்கும், ஆனால் எதுவும் நிற்காது. ஒரு நாட்டை அடிமட்டம் வரை பார்த்தபின் இரண்டாவது நாடு பாதி நேரத்தில் பிடிபடும்.

அடிமட்டம் வரை என்றால் என்ன? சட்டத்திலிருந்து படிவம் வரை, விதி எழுதப்படும் ஒவ்வொரு தட்டாக இறங்கிப் பார்ப்பது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மேலே 1952-ல் இயற்றப்பட்ட குடியேற்ற, தேசிய உரிமைச் சட்டம். அதற்குக் கீழே கூட்டாட்சி ஒழுங்குவிதிகள். அதற்கும் கீழே துறைகளின் கையேடுகள்: உள்ளே இருந்து விண்ணப்பிப்பவருக்கு ஒரு கையேடு, தூதரக அதிகாரிகளுக்கு வேறொரு கையேடு. கடைசியில் படிவத்தோடு வரும் அறிவுறுத்தல்கள். இவற்றுக்குப் பக்கவாட்டில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்புகள், கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகள். பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. குடியேற்ற நீதிபதிகள் நீதித்துறையின் பகுதி அல்ல, அரசின் நீதி இலாகாவின் ஊழியர்கள். அந்த இலாகாவின் தலைவரான அட்டர்னி ஜெனரல் நினைத்தால் ஒரு வழக்கைத் தானே எடுத்துத் தீர்ப்பை மாற்றலாம். 2018-ல் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களின் தஞ்சக் கோரிக்கையைக் கடுமையாகச் சுருக்கும் முடிவு அப்படித்தான் வந்தது. 2021-ல் அந்த நாற்காலியில் பின்னால் வந்த இன்னொருவர் அதை ரத்து செய்தார். சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பிரிட்டனில் அமைப்பு வேறு மாதிரி. 1971-ம் ஆண்டுச் சட்டம் ஒரு சட்டகம் மட்டும்தான், சதை முழுக்க 'குடியேற்ற விதிகள்' என்ற ஆவணத்தில் இருக்கிறது. உள்துறை அமைச்சர் மாற்ற அறிக்கையை அவையில் வைப்பார். 40 நாளுக்குள் அவை நிராகரிக்காவிட்டால் அது நிலைத்துவிடும். 1973-ல் சுமார் 40 பக்கம் இருந்த அந்த விதிகள் இன்று 1,100 பக்கத்தைத் தாண்டிவிட்டன. விதியில் எழுதாமல், துறையின் வழிகாட்டுதல் ஆவணத்தில் ஒரு நிபந்தனையை நுழைத்து அதை வைத்தே விண்ணப்பத்தை நிராகரிக்கலாமா என்ற கேள்வி 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆல்வி வழக்கு என்பார்கள். எந்த நிபந்தனையைப் பூர்த்தி செய்யாவிட்டால் நிராகரிப்பு வருமோ அது விதிதான், அதை அவை முன் வைத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நிபந்தனை எந்தத் தட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரே கேள்வியில் வழக்கு திரும்பியது. 'தட்டு' என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

பயிற்சிக்கு ஒரே ஒரு விசா வகையைத் தேர்ந்து, அதை எல்லாத் தட்டுகளிலும் துரத்திப் பாருங்கள். மாணவர் விசா நல்லது. ஒரு தாளில் நான்கு பத்தி (மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள்) போடுங்கள்: நிபந்தனை, அது எந்தத் தட்டில் இருக்கிறது, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது, மறுத்தால் எங்கே போகலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். முடிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் அறையும்: மூன்றாவது பத்தியில் ஏறக்குறைய எல்லா வரிசையிலும் 'விண்ணப்பதாரர்' என்றுதான் எழுதியிருப்பீர்கள். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தற்காலிக விசா கேட்டு வரும் எவரையும், அவர் அப்படியில்லை என்று நிரூபிக்கும்வரை, நிரந்தரமாகத் தங்க வருபவராகவே அதிகாரி கருத வேண்டும். எச்-1பி (சிறப்புத் திறன் வேலை), எல் (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம்) போன்ற சில வகைகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. நேர்காணலில் "திரும்பி வருவீர்களா?" என்று மாணவரிடம் துருவுவதும், மென்பொருள் ஊழியரிடம் அந்தக் கேள்விக்கு எடை குறைவதும் இந்த ஒரு பிரிவால்தான்.

இந்தப் பயிற்சியில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் விசாவும் தங்கும் அனுமதியும் ஒன்று என்று நினைப்பது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா என்பது வாசல் வரை வந்து கதவைத் தட்டுவதற்கான சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை எல்லையில் பதியும் வருகைப் பதிவு தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அதன் பெயர் ஐ-94. விசா காலாவதியான பிறகும் ஒருவர் முழுச் சட்டபூர்வமாகத் தங்கியிருக்கலாம். விசாவில் பல வருடம் மீதியிருந்தும் ஒருவர் அனுமதி முடிந்து தங்கியவராக இருக்கலாம். இரண்டாமவருக்கு விளைவு கடுமை: 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் இருந்து, அவர் தானாக வெளியேறினால் மூன்று ஆண்டுகள் திரும்ப முடியாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பத்து ஆண்டுகள். இதில் ஒரு வினோதம், இந்தத் தடை வெளியேறும்போதுதான் விழுகிறது. அதனால் வெளியேற வைக்க இயற்றிய பிரிவு பலரை உள்ளேயே உறைய வைத்துவிட்டது.

இரண்டாவது தடுக்கல் தேதி. செய்தியில் "விதி மாறிவிட்டது" என்று வரும். அறிவிக்கப்பட்ட நாள், வெளியான நாள், நடைமுறைக்கு வந்த நாள், நீதிமன்றம் நிறுத்தி வைத்த நாள் எல்லாம் வேறு வேறு. ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்குப் பழைய விதியா புதிய விதியா என்பது கடைசிப் பக்கத்தில், இடைக்கால ஏற்பாடுகள் என்ற தலைப்பில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். துறையின் வலைப்பக்கத்தை நம்பி எழுதினால் அதைச் சேமித்து, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் மாறும்.

தீர்ப்புகளைப் படிக்கும்போது யார் ஜெயித்தார் என்பதைக் கடைசியில் பாருங்கள். நீதிமன்றம் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருப்பதாகக் கருதியது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு 1889-ம் ஆண்டின் சே சான் பிங் வழக்கைப் போல ஒன்று கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த சீனத் தொழிலாளி அவர். 1887-ல் ஊருக்குப் போகும் முன், திரும்பி வருவதற்கான சான்றிதழை முறையாக வாங்கிக்கொண்டார். திரும்பும் கப்பல் கடலில் இருந்தபோது, 1888 அக்டோபர் 1 அன்று, அந்தச் சான்றிதழ்களையெல்லாம் செல்லாதவையாக்கும் சட்டம் நிறைவேறியது. ஒரு வாரம் கழித்து சான் பிரான்சிஸ்கோ வந்தவரை இறங்கவிடவில்லை. யாரை அனுமதிப்பது என்பது இறையாண்மையின் கூறு, அதில் அரசியல் துறைகளின் முடிவே இறுதி என்றது உச்ச நீதிமன்றம். முழு அதிகாரக் கோட்பாடு என்று இன்று பாடத்தில் வருவது இங்கே பிறந்தது. 2018-ல் சில நாட்டினரின் வருகையைத் தடுத்த அதிபர் ஆணையை அதே நீதிமன்றம் ஏற்றபோதும் இந்தச் சிந்தனையின் வாரிசைத்தான் கேட்டோம்.

இதற்கு நேர் எதிரே கனடாவின் 2019-ம் ஆண்டு வாவிலோவ் தீர்ப்பை வைத்துப் படியுங்கள். வாவிலோவ் டொராண்டோவில் பிறந்தவர், அவருடைய பெற்றோர் பொய்ப் பெயரில் வாழ்ந்த ரஷ்ய உளவாளிகள். வெளிநாட்டு அரசின் பிரதிநிதி அல்லது ஊழியரின் பிள்ளை என்ற விதிவிலக்கைக் காட்டி அதிகாரி குடியுரிமைச் சான்றிதழை ரத்து செய்தார். அந்த விதிவிலக்கு தூதரகப் பாதுகாப்பு உள்ளவர்களுக்கானது, சட்டத்தின் நோக்கத்தையும் பின்னணியையும் பார்க்காமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட முடிவு நியாயமானதாகாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ஒதுக்கியது. அதிகாரியின் காரணங்களை நீதிமன்றம் வரிவரியாக எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எந்த நாட்டில் வேலை செய்தாலும் பயன்படும்.

இனி கொள்கைக்கு வருவோம். கொள்கை என்றதும் மேடைப் பேச்சுதான் நினைவுக்கு வரும். நான் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு அடிப்படையாக 1,40,000. இந்த எண் 1990-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டது, இன்றுவரை அதே எண். அதில் இபி-2 என்ற வகைக்கு (உயர்பட்டம் அல்லது தனித்திறன் உள்ளவர்களுக்கானது) 28.6 சதவீதம், அதாவது 40,040. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீத உச்சவரம்பு, அப்படியென்றால் ஏறக்குறைய 2,803. விண்ணப்பதாரரின் மனைவியும் குழந்தைகளும் இந்த 2,803-க்குள்தான் எண்ணப்படுகிறார்கள். நால்வர் குடும்பம் என்றால் நான்கு எண் போய்விடும். அடுத்தவர்கள் பயன்படுத்தாமல் விட்ட எண்கள் சில ஆண்டுகளில் வரிசையில் நிற்பவர்களுக்கு வரும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. குடியுரிமை எந்த நாடு என்பது கணக்கில் இல்லை, பிறந்த நாடுதான் கணக்கு. வாழ்க்கைத் துணை வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அவருடைய நாட்டு வரிசையில் நிற்கலாம் என்ற சந்து மட்டும் உண்டு. பல்லாண்டுக் காத்திருப்பை எந்த அரசியல்வாதியும் தனியாக முடிவு செய்து அறிவிக்கவில்லை. பெருக்கல் கணக்கு முடிவு செய்தது.

நாட்டுக்கு நாடு சம வரம்பு எங்கிருந்து வந்தது? 1924-ம் ஆண்டுச் சட்டம் வேண்டுமென்றே 1890-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாக வைத்து ஒதுக்கீடு போட்டது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருமளவில் வருவதற்கு முந்தைய கணக்கு அது. ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய முழுதாகச் சாத்தப்பட்டது. 1965-ல் இந்த இன ஒதுக்கீட்டைத் தூக்கியபோது, 'எல்லா நாடும் சமம்' என்பது சீர்திருத்தமாக வந்தது. அதே சட்டத்தில் உறவினர்களுக்கு முன்னுரிமை நுழைந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. பிரதிநிதிகள் சபையின் குடியேற்றத் துணைக்குழுத் தலைவர் மைக்கேல் ஃபீகன் திறமைக்கு முன்னால் குடும்பத்தை வைக்க அழுத்தம் கொடுத்தார். ஏற்கெனவே இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர், அவர்கள் தங்கள் உறவினரைத்தான் அழைப்பார்கள், நாட்டின் முகம் மாறாது என்பது கணிப்பு. ஐரோப்பாவில் வசதி பெருகி வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அதே உறவுப் படிகளில் ஏறினார்கள். மாற்றத்தைத் தடுக்க வைத்த பிரிவே மாற்றத்தைக் கொண்டுவந்தது.

கொள்கையை நகர்த்தும் சக்திகள் என்று பாடத்தில் பட்டியல் தருவார்கள். என் கணிப்பில் அவை சம எடை உடையவை அல்ல. வேலை கொடுப்போருக்கு எப்போதும் ஒரு நன்மை உண்டு: வரவால் கிடைக்கும் லாபம் சில கைகளில் குவிகிறது, செலவு பலர் மேல் மெல்லியதாகப் பரவுகிறது. குவிந்த லாபம் உள்ளவர்கள் குழு விவாதங்களுக்கு ஆளனுப்புவார்கள், மற்றவர்கள் தேர்தலில் மட்டும் பேசுவார்கள். மேடையில் கடுமையும் விதியில் தளர்வும் ஒரே அரசில் கூடியிருப்பதற்கு இது பெரிய காரணம். 1986-ல் அமெரிக்கா சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை கொடுத்து, ஆவணமில்லாதவர்களை வேலைக்கு வைப்போருக்குத் தண்டனையும் எழுதியது. ஆனால் முதலாளி ஆவணத்தைப் பார்த்தால் போதும், அது நிஜமா என்று துப்பறிய வேண்டியதில்லை என்ற அளவில் கடமை நின்றது. முதல் பாதி நிறைவேறியது, இரண்டாம் பாதி போலி ஆவணச் சந்தையை வளர்த்தது.

வெளியுறவை மாணவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சீனர் விலக்குச் சட்டத்தை அமெரிக்கா 1943-ல் நீக்கியது மனம் திருந்தி அல்ல, ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளியாக இருந்ததால். கொடுத்த ஒதுக்கீடோ ஆண்டுக்கு 105 பேர். பிரிட்டன் 1968-ல் கென்யாவிலிருந்து வந்த ஆசிய வம்சாவளியினரை, அவர்கள் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தும், தடுக்க ஒரு மசோதாவைச் சில நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது. குடியுரிமை என்ற சொல்லே ஒரு வாரத்தில் மெலிந்துபோகக்கூடியது என்பதற்கு அது சாட்சி.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது நிர்வாகத் திறனை. எத்தனை அதிகாரிகள், எத்தனை நீதிபதிகள், எத்தனை கோப்புகள். அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 2023 இறுதியில் 30 லட்சத்தைத் தாண்டின. இந்த அளவில் தேக்கம் இருந்தால், தகுதியில்லாதவருக்கும் பல ஆண்டு தங்கல் கிடைக்கிறது, தகுதியுள்ளவர் பல ஆண்டு அந்தரத்தில் தொங்குகிறார். தேக்கமே ஒரு கொள்கையாகிவிடுகிறது, அதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

எது உறுதி, எது சர்ச்சை என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால்: கதவை மூடினால் உள்ளே இருப்பவர்கள் வெளியேறத் தயங்குவார்கள் என்பதற்கு வலுவான சான்று உண்டு. மேற்கு ஜெர்மனி 1973-ல் வெளிநாட்டுத் தொழிலாளர் ஆள்சேர்ப்பை நிறுத்தியது. போனால் திரும்ப முடியாது என்பதால் துருக்கியர்கள் பலர் தங்கிவிட்டுக் குடும்பத்தை வரவழைத்தார்கள். மெக்சிகோவுடனான பருவத் தொழிலாளர் திட்டம் 1964-ல் முடிந்தபோதும், வேலை அப்படியே இருந்தது, சட்டபூர்வ வழி மட்டும் மறைந்தது. ஆனால் குடியேற்றம் உள்ளூர்க் கூலியைக் குறைக்கிறதா என்ற கேள்வியில் யாராவது அடித்துப் பேசினால் சந்தேகப்படுங்கள். 1980-ல் சில மாதங்களில் சுமார் 1,25,000 கியூபர்கள் ஃப்ளோரிடா வந்து இறங்கினார்கள். அதை வைத்துப் பொருளியலாளர் டேவிட் கார்டு 1990-ல் மயாமியின் கூலியில் பாதிப்பில்லை என்றார். பல ஆண்டு கழித்து இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே நிகழ்வை எடுத்து, பள்ளிப் படிப்பு முடிக்காத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரிய சரிவு இருக்கிறது என்றார். அப்படிப் பிரித்தெடுத்த ஆட்களின் எண்ணிக்கை மிகச் சிறியது என்று மறுப்பு வந்தது. ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள். யாரை எண்ணினார்கள் என்பதைக் கேட்காமல் எந்த ஆய்வையும் வாதத்தில் பயன்படுத்தாதீர்கள்.

அகதிச் சட்டத்தை இதிலிருந்து பிரித்துத் தனியாகப் படியுங்கள். அதன் ஊற்று 1951-ம் ஆண்டு உடன்படிக்கையும் 1967-ம் ஆண்டு நெறிமுறையும். மையக் கடமை 33-வது பிரிவில் இருக்கிறது: துன்புறுத்தல் ஆபத்து உள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை. அப்படிப்பட்ட நாடுகளில் பாதுகாப்பு அரசியலமைப்பு வழியாகவே வரும். 1996-ல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய சக்மா மக்கள் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 21-வது பிரிவு (உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு) குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு என்று அருணாசலப் பிரதேச அரசுக்குச் சொன்னது இந்த வழியில்தான்.

இங்கே எழுதியது படிப்புக்கான வழி, யாருடைய கோப்புக்கும் ஆலோசனை அல்ல. மேலே சொன்ன எண்களையும் பிரிவுகளையும் பயன்படுத்துமுன் அன்றைய நிலையைச் சரிபாருங்கள். தொழிலாக இறங்குமுன் உரிமத்தையும் பாருங்கள், இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லது நீதி இலாகா அங்கீகரித்த பிரதிநிதிதான். கனடாவில் ஆலோசகர்களுக்கெனத் தனி ஒழுங்குமுறை அமைப்பு ('கல்லூரி' என்ற பெயரில்) 2021 முதல் இயங்குகிறது, பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு உரிமமில்லாமல் ஆலோசனை சொன்னால் குற்றம். பிரிட்டனில் 1999-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கம்: தகுதி பெறாத ஒருவர் தொழில்முறையாக ஆலோசனை சொன்னால், லாபம் கருதாத அமைப்பாக இருந்தாலும், குற்றம். இலவச உதவி முகாமில் பழக நினைத்தால், அங்கே தகுதி பெற்ற ஒருவர் மேற்பார்வையில்தான் கோப்பைத் தொடுகிறீர்களா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.